முதல் இருபது நிமிடம் மகனுடையது

வாசகர் கடிதம்:

"திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். என் மகனுக்கு மூன்றரை வயது. வரும் ஆகஸ்டில் என் மாமா, மாமிக்கு ஐம்பதாவது திருமண நாள். கணவரின் அண்ணன் குடும்பமும் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. மொத்தம் பதினேழு பேர். அன்று காலை கோணேசர் கோயிலடியிலும், பிறகு டச்சு விரிகுடாவிலும், மாலையில் நிலாவெளியிலுமாக நான்கு, ஐந்து மணி நேரம் படம் எடுக்கலாம் என்று கமெராக்காரர் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், படம் எடுக்க மேடையில் ஏற்றியதும் மகன் அழுது குழப்படி செய்தான். எல்லோர் முன்னாலும் அவனை அதட்டி, கையில் ஓர் அடியும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கமெராவைக் கண்டாலே முகத்தைப் பொத்திக்கொள்கிறான். அத்தனை நேரம் அவனை எப்படிச் சந்தோஷமாக வைத்திருப்பது? போனைக் கொடுத்துச் சமாளிக்கலாமா?"

பதில்:

அன்புத் தங்கைக்கு,

'கையில் ஓர் அடியும் போட்டுவிட்டேன்' என்ற வரிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். திருமண மேடைகளில் இப்படி அடி வாங்கிய பிள்ளைகளை நான் எத்தனையோ முறை கமெராவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அடித்த தாய்மாரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பு, மாமியார் பார்க்கிறாரே என்ற கூச்சம், 'கெதியாய் எடுங்கள்' என்ற அவசரம் எல்லாம் சேர்ந்து தாயின் கையைத் தூக்க வைக்கின்றன. அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கமெராவிலிருந்து தொடங்காமல் அந்த அடியிலிருந்தே தொடங்குவோம்.

அன்றைய வலியை உங்கள் மகன் உங்கள்மேல் வைத்துக்கொள்ளவில்லை. கமெராவின்மேல் வைத்துவிட்டான். அம்மாவோடு கோபமாக இருந்து ஒரு மூன்று வயதுப் பிள்ளையால் நாளைக் கழிக்க முடியாது. அதனால் அந்தக் கறுப்புப் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவன் முடிவு செய்திருப்பான் என்பது என் எண்ணம். இன்றிரவு தூங்கப் போகும்போது அவனிடம் சொல்லுங்கள்: "அன்றைக்கு அம்மா அடித்தது பிழை. இனிப் போட்டோ எடுக்கும்போது அம்மா அடிக்கமாட்டேன், ஏசவும் மாட்டேன்." நீளமாக விளக்க வேண்டாம். விளங்குமோ விளங்காதோ என்று யோசிக்கவும் வேண்டாம், விளங்கும். ஆகஸ்டுக்குச் செய்ய வேண்டிய ஆயத்தங்களில் இதுதான் முதலாவது. புது வேட்டி வாங்குவதெல்லாம் பிறகு.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. மூன்றரை வயதுப் பிள்ளையை நான்கு மணி நேரப் படப்பிடிப்பில் சந்தோஷமாக வைத்திருக்க என்னால் முடியாது, வேறு எந்தக் கமெராக்காரராலும் முடியாது. அந்த நேரத்துக்குப் பிள்ளையைத் தயார்படுத்துவதை விட்டுவிட்டு, பிள்ளைக்கு ஏற்றபடி நேரத்தை வெட்டுங்கள். என் கணக்கில் இந்த வயதுப் பிள்ளை உற்சாகமாக நம்மோடு இருப்பது பதினைந்து, இருபது நிமிடம். பிறகு அவனை விட்டுவிட வேண்டும். அரை மணி நேரம் மண்ணைக் கிண்டட்டும், ஓடட்டும். விருப்பம் வந்தால் இன்னொரு பத்து நிமிடம் தருவான். விருப்பம் வராவிட்டால் அன்றைக்கு அவனுடைய வேலை முடிந்தது. பெரியவர்கள் மிச்ச மூன்று மணி நேரமும் நின்று எடுக்கட்டும், அதில் அவன் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

எனவே முதல் இருபது நிமிடத்தை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் மாலை மாற்றிக்கொண்டு தாத்தா பாட்டி, பிறகு மக்கள் மருமக்கள், பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தனியாக, அப்புறம் கடைசியில் 'பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்' என்பார்கள். அதற்குள் பிள்ளை இரண்டு மணி நேரம் பட்டு உடுப்போடு வெயிலில் காத்திருந்து களைத்திருப்பான். நானும் தொழிலின் தொடக்கத்தில் அப்படித்தான் எடுத்தேன். ஒரு சாமத்திய வீட்டில் பெரிய அக்காவின் படங்கள் முடியட்டும் என்று தம்பியைக் காக்க வைத்தேன். கூப்பிட்டபோது அவன் அம்மம்மாவின் மடியில், வாயில் விரலோடு, வேர்த்து விறுவிறுத்துத் தூங்கிப் போயிருந்தான். எழுப்பினார்கள். அழுதான். அந்த அல்பத்தில் அக்காவும் தம்பியும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றாவது இல்லை. அந்தத் தாய் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் எனக்கு வருத்தம். அன்றிலிருந்து பட்டியலில் முதல் பெயர் எப்போதும் ஆகச் சின்னவருடையது.

பதினேழு பேர் நிற்கும் பெரிய படத்தையும் அந்த இருபது நிமிடத்துக்குள்ளேயே எடுத்துவிடலாம், முறை தெரிந்தால். முதலில் பதினாறு பேரையும் அவரவர் இடத்தில் நிறுத்தி, உயரம் பார்த்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கண்ணாடி போட்டவர்களின் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்த்து, ஒன்றிரண்டு தடவை எடுத்தும் பார்த்துவிட வேண்டும். அதுவரை மகன் தூரத்தில் விளையாடிக்கொண்டிருக்கட்டும். எல்லாம் ஆயத்தமான பிறகுதான் அவனைக் கொண்டுவந்து அப்பம்மாவின் மடியிலோ உங்கள் இடுப்பிலோ வைக்க வேண்டும். அடுத்த ஒரு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு படம் அடுத்தடுத்து எடுத்துவிடலாம்.

இந்த இடத்தில் உங்கள் குடும்பத்தார் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளை வந்ததும் பதினாறு பேரும் அவன் பக்கம் திரும்பி "அங்கே பார், அங்கே பார்" என்பார்கள். பிள்ளை அழகாகக் கமெராவைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடும்பப் படங்கள் கெட்டுப்போவதில் பாதி இப்படித்தான். பிள்ளை என்ன செய்தாலும் பெரியவர்கள் கமெராவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் மூக்கைக் கிண்டினாலும், வேட்டியைக் கழற்றினாலும் சரி. பேசுவது ஒரே ஒரு குரலாக இருக்கட்டும். அவனுக்கு மிகவும் பிடித்த ஒருவர், உங்கள் தங்கையோ தம்பியோ, கமெராக்காரரின் தலைக்கு நேர் பின்னால் நின்று அவனோடு பேச வேண்டும். பக்கவாட்டில் நின்றால் பிள்ளையின் கண்ணும் பக்கவாட்டில் போய்விடும்.

"அசையாதே" என்று பிள்ளையிடம் சொல்லும் பழக்கத்தை இன்றோடு விடச் சொல்லுங்கள். அது நமக்குப் பழைய காலத்திலிருந்து வந்த பேச்சு. 1839இல் பாரிஸில் புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதிவாவதற்குப் பல நிமிடம் பிடித்தது. பிறகு அது நொடிக்கணக்காகக் குறைந்தாலும், அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஸ்டூடியோவில் அசைந்தவர் படத்தில் புகைபோலக் கலங்கித் தெரிந்தார். குழந்தையை அசையாமல் இருத்த இங்கிலாந்து ஸ்டூடியோக்களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாயைக் கதிரையில் இருத்தி, தலையிலிருந்து துணியால் மூடி, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் குழந்தைக்குப் பின்னால் கதிரைபோல ஒரு கறுத்த உருவம் தெரியும், அதுதான் தாய். அவளை மறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் குழந்தை எங்கே அமைதியாக இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு என் கமெராவில் ஓடுகிற பிள்ளையை நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் தெளிவாகப் பிடித்துவிடலாம். துள்ளினாலும் சுற்றினாலும் எனக்குப் பிரச்சினை இல்லை. பிள்ளை அசையக்கூடாது என்று எந்தக் கமெராக்காரராவது சொன்னால் அவருடைய பொறுமைதான் அதைக் கேட்கிறது, கருவி கேட்கவில்லை.

"சிரி" என்பதும் வேண்டாம். சிரி என்றால் பிள்ளை பல்லைக் காட்டும், கண் சிரிக்காது. துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்: வாயைச் சுற்றியுள்ள தசையை நாம் நினைத்தபடி இழுக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும். அல்பத்தில் அந்த வித்தியாசத்தை எந்தத் தாயும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். "இது என் பிள்ளையின் சிரிப்பு இல்லையே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? விளையாட வேண்டும். அப்பம்மாவின் சேலைத் தலைப்புக்குள் அவனை ஒளிந்துகொள்ளச் சொல்லுங்கள். அப்பப்பா "எங்கே என் பேரன், காணவில்லையே" என்று தேடட்டும். தலைப்பை விலக்கிக்கொண்டு அவன் முகம் வெளியே வரும்போது வருகிற சிரிப்பை எந்த மிட்டாயைக் கொடுத்தும் வாங்க முடியாது. பெரியவர்கள் இருவர் முகத்திலும் அதே சிரிப்பு இருக்கும். ஐம்பதாண்டு வாழ்ந்த இரண்டு பேருக்கு அதைவிட நல்ல படம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, அப்பப்பாவின் காதில் இரகசியம் சொல்லச் சொல்வது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இரகசியம் என்றால் வெறும் 'புஸ் புஸ்' என்ற காற்றுத்தான், கேட்பவர் கூச்சத்தில் சிரித்துவிடுவார். 'நண்டூருது, நரியூருது' என்று உள்ளங்கையிலிருந்து கமக்கட்டு வரை விரல் ஏறுவது இன்னும் பலிக்கிறது. 'நான் சொல்லும்வரை யாரும் சிரிக்கக்கூடாது' என்று கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னால் மூன்று எண்ணுவதற்குள் சிரித்துவிடுவான்.

ஆனால் விளையாட்டே தேவைப்படாத நேரங்களும் உண்டு. டச்சு விரிகுடாவில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் எடுக்கப் போனேன். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மணலில் ஒரு நண்டு வளையைக் கண்டுபிடித்து அதற்கு முன்னால் குந்தியிருந்தாள். தாய்க்குச் சங்கடம், "மாமாவைப் பாரம்மா" என்றார். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு நானும் மணலில் வயிறு பட அவளுக்கு எதிரே படுத்தேன். ஐந்து நிமிடம் இருவரும் பேசவில்லை. வளையிலிருந்து முதலில் ஈர மணல் உருண்டை ஒன்று வெளியே வந்து விழுந்தது. பிறகு இரண்டு கண்கள், தீக்குச்சித் தலை அளவில். அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தன் கன்னத்தைப் பிடித்தாள். அந்தப் படம் என் ஸ்டூடியோச் சுவரில் இருக்கிறது. அவள் அதில் சிரிக்கவில்லை. தாய் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டு போனதும் அதைத்தான். சந்தோஷம் என்பதைச் சிரிப்பு என்று மட்டும் எண்ண வேண்டாம், தங்கையே. ஒன்றில் ஆழ்ந்திருக்கும் பிள்ளை சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இனி இடமும் நேரமும். மூன்று இடம் வேண்டவே வேண்டாம். நகரத்திலிருந்து நிலாவெளிக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர். வான் புறப்பட்டு உப்புவெளி தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடுவான், இறக்கும்போது எழுப்ப வேண்டும். பாதித் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளையை யார் சிரிக்க வைப்பது? நிலாவெளி அழகுதான், மறுக்கவில்லை. பெரியவர்கள் இன்னொரு நாள் போகட்டும். உங்கள் மகனுக்கு உவர்மலையிலிருந்து பத்து நிமிடத்தில் போகக்கூடிய டச்சு விரிகுடா போதும்.

கோயிலடிக்குப் போவதென்றால் காலை 6.30க்கு அங்கே இருங்கள். ஆகஸ்டில் இங்கே சூரியன் 6 மணியளவில் கடலுக்குமேல் வந்துவிடும், ஒரு மணி நேரம் கழித்தும் வெளிச்சம் மென்மையாகவே இருக்கும். இதற்கு முக்கியமான வேறொரு காரணமும் உண்டு. கோயிலடியில் செருப்பைக் கழற்றிவிடுவோம். 10 மணிக்கு மேல் அந்தத் தரையில் பெரியவர்களாலேயே காலை வைக்க முடியாது. ஆகஸ்டில் கச்சான் காற்றும் சேர்ந்துவிடும், கல் கொதிக்கும். பிள்ளை ஏன் அழுகிறான் என்று எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவன் ஒற்றைக் காலில் மாறி மாறி நிற்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன்.

கோயில் கோட்டைக்குள்தான் இருக்கிறது; கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் நிற்கும். வானைச் சற்று நிறுத்தி அவற்றைக் காட்டுங்கள். காலையில் மானைப் பார்த்த பிள்ளை நல்ல மனத்தோடு மேலே வருவான். துரத்தவோ தீன் கொடுக்கவோ விடாதீர்கள், கொம்பன் மான் கிட்ட வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். மேலே குரங்குகள் இருக்கும், பிஸ்கட் பொதியை அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள், பறித்துக்கொண்டு போனால் அன்றைய காலை அத்தோடு சரி. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பக்கூடாது என்பது உங்கள் படப்பிடிப்பாளருக்குத் தெரிந்திருக்கும். ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்லிவையுங்கள்.

காலையில் கோயிலடியில் ஒரு மணி நேரம். பிறகு வீடு. சாப்பாடு, குளிப்பு, பகல் தூக்கம். மாலை 5 மணிக்கு டச்சு விரிகுடா. நமது கரை கிழக்கே பார்த்த கரை. கடலைப் பின்னணியாக வைத்து நின்றால் மாலைச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். அந்த அரை மணி நேரம் மகன் மண்ணில் விளையாடட்டும். சூரியன் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் கரை முழுதும் நிழல் விழும், கடலும் வானமும் மட்டும் வெளிச்சமாக இருக்கும். அப்போது யார் கண்ணும் கூசாது. ஐம்பதாண்டு தம்பதியரின் முகச் சுருக்கங்களுக்கும் அந்த வெளிச்சம் இதமானது. இப்படி ஒரு நாளை இரண்டாகப் பிரித்தால் மாமா, மாமிக்கும் நிம்மதி. வீட்டில் ஆகச் சின்னவரும் ஆகப் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் களைக்கிறார்கள். பெரியவர்கள் சொல்லமாட்டார்கள், அவன் அழுது சொல்லிவிடுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடற்கரையில் ஒருவரைப் பிள்ளைக்கென்றே நியமியுங்கள். அவர் படத்திலும் இருக்கக்கூடாது, போனையும் பார்க்கக்கூடாது. பதினேழு பேர் இருக்கும் இடத்தில் 'யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்' என்று பதினேழு பேரும் நினைப்பார்கள். ஆகஸ்டில் நம் கடல் அமைதியாக இருக்கும் என்பதை நம்பி இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

ரொறன்ரோப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கோடைகாலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். வந்து இறங்கி நான்கைந்து நாளாவது போகாமல் படம் வைக்காதீர்கள், நடுச்சாமத்தில் விழித்து மாலையில் சோர்ந்து விழுவார்கள். உங்கள் மகனுக்கும் அந்த நாட்கள் வேண்டும். போனில் மட்டும் பார்த்த பெரியப்பா திடீரென்று வந்து தூக்கிக் கொஞ்சினால் அவன் திமிறத்தான் செய்வான். இரண்டு நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, முற்றத்தில் விளையாடி, பெரியப்பாவின் தோளில் அவனாக ஏறிய பிறகு படம் எடுத்தால், அந்தத் தோளே படமாகிவிடும்.

உடுப்பு விடயத்தில் தாய்மாரோடு நான் அடிக்கடி மல்லுக்கு நிற்பேன். புதுப் பட்டு வேட்டியின் சரிகைக் கரை பிள்ளையின் இடுப்பை அறுக்கும். முன்னரே ஒருநாள் வீட்டில் உடுத்தி, அரை மணி நேரம் விளையாட விட்டுப் பாருங்கள். எங்கே சொறிகிறான் என்று தெரியும். உள்ளே மெல்லிய பருத்திப் பெனியனும் காற்சட்டையும் இருக்கட்டும். வேட்டி படத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்தான். படம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

சாப்பாடு வயிறு நிறையக் கொடுத்துவிட்டே புறப்படுங்கள். பசியை எந்த விளையாட்டாலும் ஏமாற்ற முடியாது. கையில் கதலிப்பழமும் மாரி பிஸ்கட்டும் வைத்திருங்கள், சிந்தினாலும் தட்டிவிடலாம். சொக்லேட் வெயிலில் உருகி உதட்டையும் வேட்டியையும் பழுதாக்கும். சிவப்புச் சர்பத்து நாக்கைச் சிவப்பாக்கி, எல்லாப் படத்திலும் தெரியும். கடற்கரையில் விற்கும் கச்சான் கடலையை வாங்கி இந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், ஓடிக்கொண்டே தின்றால் தொண்டையில் அடைத்துவிடும். திராட்சை என்றால் நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

போனைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்காதீர்கள். போனைப் பார்க்கும் பிள்ளையின் முகம் அமைதியாக இருக்கும், ஆனால் கண்ணில் ஆள் இருக்காது. அதைவிட, படத்துக்காக அதைப் பறிக்கும் கணத்தில் நீங்களே ஓர் அழுகையை உண்டாக்குகிறீர்கள். வான் பயணத்தில் கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். "நல்ல பிள்ளையாக இருந்தால் பொம்மை வாங்கித் தருவேன்" என்ற பேரமும் எனக்கு உடன்பாடில்லை. "அழுதால் மாமா ஊசி போடுவார்" என்று என்னைக் காட்டியே சொல்வார்கள், அது இன்னும் மோசம். அதன்பிறகு அந்தப் பிள்ளை என் கண்ணைப் பார்க்காது. பார்க்காத பிள்ளையை நான் எப்படிப் படம் எடுப்பேன்?

கமெராப் பயம் போவதற்கு உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அவனைப் படம் எடுக்காதீர்கள், அவனை எடுக்க விடுங்கள். வீட்டில் பழைய கமெரா இருந்தால் அதை, இல்லாவிட்டால் உங்கள் போனை ஒரு ஐந்து நிமிடம் அவன் கையில் கொடுத்து, உங்களை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கால் விரலையும் கூரையையும் எடுப்பான். அதில் இரண்டை அச்சடித்துச் சமையலறையில் ஒட்டிவையுங்கள். பிறகு ஒருநாள் படப்பிடிப்பாளரை வீட்டுக்கு ஒரு தேநீருக்குக் கூப்பிடுங்கள், அல்லது அவருடைய ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போங்கள். அன்று ஒரு படமும் எடுக்கக்கூடாது. கமெராவின் பொத்தானை மகன் அழுத்தட்டும், அவர் அவனுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கட்டும். வெளிச்சக் குடை வைப்பவர் என்றால் அதை அவனே ஒரு தடவை மினுக்கிப் பார்க்கட்டும். இதற்கு வர அவருக்கு விருப்பமில்லை என்றால், தங்கையே, வேறொருவரைத் தேடுங்கள். நல்ல கமெரா பலரிடம் இருக்கிறது. பிள்ளையின் கண் மட்டத்துக்கு முழங்காலிடுகிறவர்கள் குறைவு. கட்டணத்தைப் பேசும்போதே, ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் வேண்டாம், காலையும் மாலையுமாகப் பிரித்துத் தாருங்கள் என்று கேளுங்கள்.

இத்தனையும் செய்தும் அவன் அன்று அழலாம். அழுதால் கமெராவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு இருபது அடி தள்ளிப் போய், கடலைப் பார்த்தபடி நில்லுங்கள். "பார், அண்ணா எவ்வளவு நல்ல பிள்ளை" என்று ரொறன்ரோ அண்ணாவைக் காட்டாதீர்கள். எதுவும் பேச வேண்டாம். மீன்பிடி வள்ளம் ஏதாவது போனால் அவனே "அம்மா, அது" என்பான். அப்போது திரும்பி வரலாம். வரமாட்டேன் என்றால், வரவில்லை. ஏற்கெனவே முதல் இருபது நிமிடத்தில் அவனுடைய படங்கள் முடிந்திருக்கும். பின்னால் நிற்கிற பதினைந்து பேர் என்ன நினைப்பார்கள் என்று அந்த நேரம் உங்கள் மனம் பதறும். அதை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை அவரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து இருட்டுவதற்கு முன்னால், வேட்டியைக் கழற்றிவிட்டு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கணுக்கால் தண்ணீரில் இறங்கட்டும். அதற்காக ஒரு துவாய், பழைய சட்டை ஒன்று, கால் கழுவ ஒரு போத்தல் நல்ல தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வானின் முன் இருக்கையில் வையுங்கள். பின்னால் வைத்தால் பதினேழு பேரின் பைகளுக்கு அடியில் போய்விடும், ஈரத்தோடு அவன் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது தேடி எடுக்க முடியாது.